கிழிந்த ஸ்பீக்கரும் ராக் கிதாரின் கரகரப்பும்

மின்கிதாரின் கரகரத்த குரல்தான் ராக் இசையின் அடையாளம். ஆனால் 1950களில் ஆம்ப்ளிஃபயர் செய்தவர்களுக்கு அது ஒழித்துக்கட்ட வேண்டிய குறை. பழுதான கருவிகளின் வழியாகவே அது இசைத்தட்டுக்குள் புகுந்தது. பிறகு அந்தப் பழுதைப் பெட்டியில் அடைத்து விற்கும் காலமும் வந்தது. ராக் ரசிகர்கள் துணுக்குகளாகச் சொல்லி மகிழும் கதைகளில் பல இந்த ஒரே வரலாற்றின் துண்டுகள்.

ஆம்ப்ளிஃபயரின் வால்வுக்கு அது தாங்கும் அளவை மீறிய ஒலியலை வந்தால், அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்போது மீட்டிய சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கும். காதுக்கு அது கரகரப்பு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தாலும் ஏறத்தாழ இதே விளைவுதான். தம்புராவின் ஜீவா நூல் தந்தியை அதிரவைத்து மேற்சுரங்களைக் கிளப்புவதை அறிந்த காதுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.

1951 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவுக்கு ஐக் டர்னரின் குழு வந்து சேர்ந்தபோது, கிதார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் வழியிலேயே பழுதாகியிருந்தது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்றும் சொல்வார்கள். கூம்பின் கிழிசலில் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்த உறுமல் ஃபிலிப்ஸுக்குப் பிடித்துப்போனது. சிகாகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாட்டு ‘ராக்கெட் 88’. ராக் அண்ட் ரோலின் முதல் பாட்டு எது என்ற முடிவில்லாத வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுவது இதுதான்.

அடுத்து வந்தவர்கள் விபத்துக்காகக் காத்திருக்கவில்லை. லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். அவரது ‘ரம்பிள்’ 1958இல் வெளிவந்தது. பாட்டு வரியே இல்லாத அந்த வாத்திய இசையைச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற சின்ன ஆம்பின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். 1964இல் ‘யூ ரியலி காட் மீ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் தனிவாசிப்பு ஜிம்மி பேஜுடையது என்ற வதந்தி இன்றும் ஓயவில்லை; பேஜே அதை மறுத்திருக்கிறார்.

நாஷ்வில்லில் மட்டும் கதை பொறியாளர் கைக்குப் போனது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ சாந்தமான கன்ட்ரி பாட்டு. அதன் ஒலிப்பதிவில் ஒலிக்கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போக, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிதார் வண்டு போல ரீங்கரித்தது. அழிக்காமல் அப்படியே வைத்தார்கள். அந்த ஒலியை வேண்டும்போது வரவழைக்க, பொறியாளர் கிளென் ஸ்னாடி இன்னொருவருடன் சேர்ந்து டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். அதை வாங்கிய கிப்சன் நிறுவனம், 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. காலால் அழுத்தும் சிறு பெட்டி. கிதாரை எக்காளம் போலவும் செல்லோ போலவும் பேசவைக்கும் என்றது விளம்பரம். வாங்கத்தான் ஆளில்லை.

விளம்பரத்தை அப்படியே நம்பியவர் என்று ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸைச் சொல்லலாம். ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டின் ரிஃப் அரைத் தூக்கத்தில் உதித்தது என்பார் அவர். எழுந்து கேட்டபோது டேப்பில் கொஞ்சம் கிதாரும் மீதி நேரமெல்லாம் குறட்டையும் இருந்தனவாம். 1965 மே மாதம் ஹாலிவுட்டில் ஃபஸ்-டோனை மிதித்து அதை வாசித்தபோது, பின்னால் சேர்க்கவேண்டிய ஊதுகருவிகளுக்கு ஒரு மாதிரி காட்டுவதே அவர் எண்ணம். இப்படியே வெளியிடுவதில் அவருக்கு உடன்பாடில்லை. மற்றவர்களின் கருத்தே வென்றது. ஜூலையில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் நிலைத்தது. தேங்கிக் கிடந்த ஃபஸ்-டோன்களும் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டு ஓடிஸ் ரெடிங் அந்தப் பாட்டை ஊதுகருவிகளோடு பாடிப் பதிவுசெய்தார். ரிச்சர்ட்ஸ் மனத்தில் நினைத்த வடிவம் அதுவே.

கரகரப்பு வாசிப்பு முறையையும் மாற்றியது. கிதாரின் மெட்டுகளில் பஞ்சமம் ஏறத்தாழத் துல்லியமாக நிற்கும்; அந்தர காந்தாரம் சற்றே ஏறி நிற்கும். சாதாரண ஒலியில் தெரியாத அந்தப் பிசகு கரகரப்பில் பெருகி இரைச்சலாகும். ஆகவே காந்தாரத்தை விட்டு, ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டும் ‘பவர் கார்ட்’ பரவியது. இவ்விரண்டின் அதிர்வெண் விகிதம் 2:3. கரகரப்பில் இவற்றின் வித்தியாசமான 1 தனிச் சுரமாகவே கேட்கும். அது ஒரு ஸ்தாயி கீழுள்ள ஷட்ஜம். இரண்டு சுரம் மீட்டினால் மூன்று கேட்பதால் வருவதே அந்தக் கனம்.

கடைசிக் கட்டம் வெறும் உரப்பு. மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பை ஒட்டித் தன் முதல் ஆம்பைச் செய்தார். ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் உரக்க வேண்டும் என்று கேட்க, 1965இல் 100 வாட் ஆம்ப் பிறந்தது. அதற்கு 12 அங்குல ஸ்பீக்கர் எட்டும் ஒரே பெட்டியில் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். செய்தும் கொடுத்தார்கள், சுமப்பவர்களால் அதைத் தூக்க முடியவில்லை. பெட்டியை இரண்டாக்கி, நான்கு ஸ்பீக்கர் கொண்ட ஒன்றின்மேல் இன்னொன்றை அடுக்கினார்கள். ராக் மேடைகளின் பின்னணியாகிவிட்ட மார்ஷல் அடுக்கு உருவானது இப்படித்தான்.