துப்பாக்கியும் இல்லறத்தார் கடமையும்
(காந்திபுரத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஸ்களின் இரைச்சல் ஓயாத காந்திபுரத்தில் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் நம்மவருட் பலர் பட்டணத்திற் குடியிருப்பினும், தொண்டாமுத்தூர், காரமடைப் பக்கங்களில் தோட்டமும் சாளையும் உடையவர். காட்டுப்பன்றிக்குக் காவலிருந்த காலத்துத் துப்பாக்கி அங்கே இன்னும் சில இல்லங்களில் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தால் வேட்டை ஒழிந்தது; துப்பாக்கி எஞ்சியது; அதனை ஆளும் அறிவோ பாட்டனாரோடு போயிற்று. அபாயம் இங்கேதான் பிறக்கின்றது.

லைசென்ஸ் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெறுதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. அதற்கு முன்னரே லைசென்ஸ் பெற்ற பெரியோர்களும் தாமாகவே சென்று பயில்வது நலம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாயிற்று. கலியாணத்திலும் திருவிழாவிலும் களிப்பால் அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதும் அத்திருத்தமே.

பயிற்சியின் சாரம் நான்கே வார்த்தை. எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. சுடக்கருதாத பொருளை நோக்கிக் குழலைத் திருப்பற்க. குறி உறுதியாகும்வரை விசையில் விரல் வையற்க. குறிக்கு அப்பால் யாது உளது என்று அறிந்தே சுடுக.

இனிக் குழந்தைகள். துப்பாக்கியைக் கண்டால், 'நில், தொடாதே, விலகிப்போ, பெரியவரிடம் சொல்' என்று அமெரிக்க நாட்டிற் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். நல்ல பாடமே. ஆனால் அங்குள்ள ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தபொழுது, பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்த சிறுவர்களிற் பலர், தனித்திருக்கையில் துப்பாக்கியைக் கண்டதும் கையில் எடுத்துவிட்டனர். பாடம் நாவில் நின்றது; கைக்கு வரவில்லை. ஆதலின் குழந்தைக்குச் சொல்லிவிட்டோம் என்று தந்தை நிம்மதியாக உறங்குதல் தகாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி தம் மடியில்: இது பெரியவர் கடமை.

சுடுதலையே பிள்ளைகள் கற்கலாகாது என்பது எம் கருத்தன்று. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் உலகப் புகழ் பெற்றார். ஆர்வமுள்ள பிள்ளைகளை என்.சி.சி.யிலோ, முறையான ரைபிள் கிளப்பிலோ சேர்ப்பீராக. அங்கே ஆசிரியர் கட்டளையின்றி ஒரு விரலும் அசையாது. சாளைத் திண்ணையில் மாமன் காட்டும் விளையாட்டு பயிற்சியாகாது.

துப்பாக்கியுள்ள இல்லத்தார் இன்றிரவே பூட்டைப் பார்ப்பாராக. தாய்மார்களே, குழந்தையை உறவினர் தோட்டத்திற்கு விடுமுறைக்கு அனுப்புமுன், 'துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா?' என்று கூசாமல் வினவுங்கள். கேட்பது உறவைக் கெடுக்காது. கேளாமல் ஒரு பிள்ளையை இழந்தால், எவ்வுறவும் எஞ்சாது.