நாலுபேர் சொல்லும் ஒருவர் மனமும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டத்தின் வலிமை தனிமனிதனை எவ்வாறு நடத்துகின்றது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஒருவன் தன் வீட்டில் தனித்திருந்து எண்ணுவது ஒன்று. சபை நடுவே நின்று செய்வது வேறொன்று. "நாலுபேர் என்ன சொல்லுவார்கள்?" என்னும் ஒரு கேள்வியே நம் குடும்பங்களில் கல்யாணச் செலவையும், பிள்ளைகளின் படிப்பையும், பெண்களின் போக்குவரவையும் தீர்மானித்து வருகின்றது. அந்த நாலுபேர் யாவர்? பிறர் வீட்டு விஷயத்தில் நாமே அந்த நாலுபேர் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. நம் ஜில்லாவில் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் முதலிய ஊர்களிலும், அடுத்துள்ள பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்தை யாவரும் அறிவீர்கள். கல்யாணமோ காதணியோ இல்லாமலே, மொய் வாங்குவதற்கென்றே பந்தலிட்டுக் கறி விருந்து வைக்கின்றனர். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. வந்தவர் உண்டு, மொய் எழுதிச் செல்கின்றனர். அத்தொகை நோட்டில் ஏறுகின்றது. எழுதியவர் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு மேலும் ஒரு தொகை சேர்த்துத் திருப்ப வேண்டும். அந்த மேல்தொகை அவருக்குப் புதிய கடனாகின்றது.

இவ்வேற்பாட்டில் பத்திரமில்லை, ஜாமீனில்லை, கோர்ட்டுமில்லை. ஆயினும் லட்சக்கணக்கான ரூபாய் கைமாறித் திரும்புகின்றது. காரணம் யாது? மானம் என்னும் ஒன்றே. ஊரார் முன்னிலையில் எழுதியதை ஊரார் முன்னிலையில் திருப்ப வேண்டும் என்னும் கூச்சம், அமீனாவைக் காட்டிலும் கடுமையாக வசூல் செய்கின்றது. இதனால் நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். பாங்கியில் கடன் கிடையாத ஏழைக் குடியானவன் ஆழ்துளைக் கிணறு வெட்டவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும் ஒரே நாளில் கைமுதல் பெறுகின்றான்.

ஆனால் அதே மானம் மனிதனைக் கெடுக்கவும் செய்கின்றது. வந்த பணத்தை ஆடம்பரத்தில் கரைத்தவனும், விளைச்சல் பொய்த்தவனும், மொய் திருப்புவதற்காகவே வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயலில் நம் கீழ்ப்பகுதித் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மரம் சாய்ந்தது, மொய்க் கணக்குச் சாயவில்லை. "என்னால் இவ்வாண்டு முடியாது" என்னும் ஒரு வார்த்தையைச் சொல்லத் துணியாதவன், பத்து வருஷம் வட்டி கட்டத் துணிகின்றான்!

இதனை அறியாமை என்று இகழ வேண்டாம். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்னும் மனோதத்துவ அறிஞர் கல்லூரி மாணவரிடம் ஒரு சோதனை நடத்தி, 1951-இல் வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தையும் சொல்லக்கூடிய விடை. ஆயினும் உடனிருந்தவர் எல்லாரும், முன்னேற்பாட்டின்படி, தவறான விடையையே கூறினர். சோதனைக்குட்பட்டவருள் நாலில் மூன்று பங்கினர் ஒருமுறையாவது கூட்டத்தின் தவற்றையே தாமும் கூறினர். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னபோது, மற்றவன் தவறுவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துபோயிற்று! நூறு பேரின் நிர்ப்பந்தத்தை முறிக்க நூறு பேர் வேண்டுவதில்லை. ஒரு துணை போதும்.

இவ்வுண்மைக்கு நம் புதுக்கோட்டையே சாட்சி. 1886-இல் இங்குப் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்தார். அந்த ஓர் ஆதரவினால் அவ்வம்மையார் 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார்.

மற்றொன்று நம்மிற் பலர் கண்ணாற் கண்டது. 1991-இல் அறிவொளி இயக்கம் நம் ஜில்லாவில் தொடங்கியபோது, கலெக்டர் ஷீலாராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். ஒரு பெண் தனியே சைக்கிளில் சென்றால் கேலிப்பேச்சுத் தப்பாது. ஆனால் கல்லுடைப்பவரும், வயலில் உழைப்பவரும், கிராம நர்ஸுகளும் கூட்டங்கூட்டமாக ஏறி ஓட்டியபோது கேலி தானே அடங்கிற்று. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை வாங்கி, அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் சென்றனர். 1992-ஆம் வருஷத்து மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளேறி நம் நகர வீதிகளில் வந்தனர். நேற்றுவரை தடுத்த கூட்டமே இன்று கைதூக்கி விட்டது.

அன்பர்களே! நம் சங்கமும் ஒரு கூட்டமே என்பதை நாம் மறக்கலாகாது. ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கித் தரும் சங்கந்தான், ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கவும் வல்லது. ஒரு பெண் தன் விருப்பப்படி மணந்தால், பெற்ற தகப்பனைத் தின்பது மகள்மீது கொண்ட கோபமன்று. "நம்மவர் முகத்தில் எப்படி விழிப்பேன்" என்னும் அச்சமே. அவன் கை தவறு செய்யுமாயின், அக்கையைத் தூண்டிய ஏச்சுப் பேச்சில் நமக்கும் பங்குண்டு. வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்யும் மணத்தில் எந்தச் சாதிக் கூட்டமும் தலையிடுதல் சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சு 27-இல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளனர். சட்டம் சொல்வதற்கு முன்னரே நம் மனச்சாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைச் சபையார் யோசனைக்கு வைக்கின்றேன்.

முதலாவது, நம்மவர் விசேஷங்களில் மொய்த் தொகையை ஒலிபெருக்கியில் கூறும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை நிறுத்துவோம். முடியாதவருக்குத் தவணை தருவதை மரியாதைக் குறைவாக எண்ணாதிருப்போம். இரண்டாவது, சிக்கனமாகக் கல்யாணம் செய்யும் வீட்டுக்கு நம் நிர்வாகிகளே முதலிற் சென்று வாழ்த்துவோம். பெரியவர் வந்த பந்தலைச் சிறிதென்று யாரும் சொல்லார். மூன்றாவது, பிள்ளைகளின் மணத்தை முன்னிட்டு எந்தக் குடும்பத்தையும் ஒதுக்குவதில்லை என்று இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுவோம்.

இத்தீர்மானத்துக்குக் கைதூக்க முதலில் ஒருவர் வேண்டும். இதோ, நான் தூக்குகின்றேன். இரண்டாவது கை யாருடையது என்பதைச் சபையாரே காட்டுவீர்களாக!