பாதுகாப்புச் சோதனையும் பொறுமைச் சோதனையும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னை அழைத்தபோது, "வங்கி விஷயமாக ஏதாவது பேசுங்கள், ஆனால் பாடம் நடத்தாதீர்கள்" என்றார். ஆகவே நம் அங்கத்தினர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு மனக்குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடுகிறது என்பதே அது.

முதலில் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, புதியது வேண்டும் என்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், ஒரு விசேஷக் குறி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு கோணல்மாணலான எழுத்துக்களைப் படித்து டைப் செய்ய வேண்டும். கண்புரை ஆபரேஷன் ஆனவருக்கு அது 'ஓ'வா, பூஜ்யமா என்று எப்படித் தெரியும்? அதையும் தாண்டினால் ஓ.டி.பி. வருகிறது. செல்போன் உள்ளறையில் சார்ஜில் இருக்கும். எழுந்து போய், மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்புவதற்குள், 'நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் ஆரம்பிக்கவும்' என்று திரை சொல்கிறது. "என் பணத்தை நான் கொடுப்பதற்கு எனக்கே இத்தனை பரீட்சையா?" என்று ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். எழுபது வயதுக் கண்ணையும் விரலையும் நினைத்து இந்தத் திரைகளைச் செய்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் இந்தச் சோதனை ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கார்டு எண், அதன் காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கம், இவை இருந்தால் இணையத்தில் எதையும் வாங்கலாம். மூன்றும் கார்டிலேயே அச்சாகியிருக்கின்றன. ஒரு நிமிஷம் கார்டைப் பார்த்தவர் எவரும் நம் பணத்தில் சாமான் வாங்கிவிடலாம். ஆகவே கார்டில் காணப்படாத இன்னொரு தகவலும் கேட்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் உத்தரவிட்டது. 2009 ஆகஸ்ட் 1 முதல் அது அமலுக்கு வந்தது.

"அமெரிக்காவில் என் பிள்ளை ஓ.டி.பி. இல்லாமலே வாங்குகிறானே" என்று கேட்பார்கள். அங்கே கிரெடிட் கார்டை வேறொருவர் திருட்டுத்தனமாக உபயோகித்தால், கார்டுதாரரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று சட்டம் இருக்கிறது. மிச்ச நஷ்டம் அவரைச் சேராது. நம் நாட்டில் பணம் போவதற்கு முன்பே வாசலில் நிறுத்திக் கேட்பது என்ற வழியை எடுத்தார்கள். தொல்லை நமக்கு; பாதுகாப்பும் நமக்கே.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். தொல்லை தாங்காமல் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பாஸ்வேர்டைக் காலண்டரின் பின்னால் எழுதி வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்து, "நீயே பார்த்துப் பண்ணிடுடா கண்ணா" என்கிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவர் "சார், சிரமப்படாதீங்க, நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றால், நல்ல மனிதர் போலிருக்கிறதே என்று சொல்லிவிடுகிறோம். மோசடிக்காரன் எதிர்பார்ப்பது நம்முடைய இந்தச் சலிப்பைத்தான்.

இதில் சட்டப்படி ஒரு விளைவும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்ற நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை அவர் பொறுப்பு. ஆனால் ரகசிய எண்ணைத் தாமே பிறருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் அவருடையதே. தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு என்று அதில் கூறப்பட்டது. அதாவது, எண்ணை வாய்விட்டுச் சொன்ன மறுகணமே நமக்கு இருந்த ரட்சணை குறைந்துவிடுகிறது.

இன்னொரு அவஸ்தையும் நம் குடும்பங்களில் அதிகம். வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாம் மாமாவே பார்ப்பார். மாமியின் கணக்குக்கும் மாமாவின் செல் நம்பரையே கொடுத்திருப்பார். மாமா காலமான பிறகு அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றாது. சில மாதங்களில் இணைப்பு போய்விடும். பிறகு அந்த நம்பர் வேறொருவருக்கே போகலாம். மாமியின் பணம் மாமியின் பெயரில்தான் இருக்கும். ஆனால் ஓ.டி.பி. மட்டும் வராது. துக்கத்தோடு துக்கமாகக் கிளைக்கு நடையாய் நடக்க வேண்டும். ஆகவே இங்கே வந்திருக்கும் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே அவரவர் கணக்கில் அவரவர் நம்பரைப் பதிவு செய்யுங்கள். மாதத்தில் ஒரு பில்லையாவது மாமி தம் கையால் கட்டட்டும்.

அந்த ஓ.டி.பி. செய்தியில் எண்ணை மட்டும் பார்க்கிறோம். பொதுவாகத் தொகையும், யாருக்குப் போகிறது என்பதும் அதிலேயே இருக்கும். 850 ரூபாய் பில்லுக்கு 85,000 என்று வந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கு வேண்டும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். புதியவருக்கு நெஃப்ட் மூலம் அனுப்பும்போது, 2025 ஏப்ரல் 1 முதல் கணக்குக்குரியவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி வந்திருக்கிறது. பெயரைப் படித்த பிறகே அனுப்புங்கள்.

சோதனையின் எண்ணிக்கையை முறையாகக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. மாதாமாதம் வரும் பில்லுக்கு ஒரே ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால் தானாகக் கட்டப்படும். ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேட்காமல் எடுக்கும் வரம்பை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரில் அதை ஒரு லட்சமாக்கினார்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பதும் விதி. பிள்ளை வீட்டுக்கு வெளிநாடு போகிறவர்கள் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிட்டு, நம் ஊர் நம்பருக்கு ரோமிங் வசதியும் பெற்றுக்கொண்டால், அங்கிருந்து தவிக்க வேண்டாம்.

பிறர் உதவி அவசியமென்றால், அதற்கும் 2024 ஆகஸ்டில் யு.பி.ஐ. சர்க்கிள் என்ற ஏற்பாடு வந்தது. பிள்ளையோ பெண்ணோ நம் கணக்கிலிருந்து பணம் கட்டலாம். நம் ரகசிய எண் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. முழு அனுமதி கொடுத்தாலும் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 என்ற வரம்போடு அறிமுகமாயிற்று. ஒவ்வொன்றையும் நாமே பார்த்து அங்கீகரிக்கும் முறையும் அதில் உண்டு. வேறு ஒன்றும் வேண்டாம் என்பவர்கள், பெரிய தொகை உள்ள கணக்கை இணையத்தில் தொடாமல், பில் கட்டுவதற்கென்று சிறிய தொகையோடு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லை என்றால் பதற்றத்தில் மறுபடி கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு விதித்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், இணையத்தில் கார்டு மூலம் கட்டியது 5 நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. கேட்டுப் பெற வெட்கப்பட வேண்டாம். மோசடி என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். பிள்ளைகள் கோபிப்பார்களோ என்று இரண்டு நாள் மறைத்து வைத்தால், அதற்குள் பணம் பல கணக்கு மாறிப் போய்விடும். வங்கிக்கு எழுதி 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய நெறிமுறைகள், குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. ஒன்றே வழி என்று சொல்லவில்லை. மற்ற முறைகளுக்கும் இடம் கொடுத்தன. அமலுக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1 என்று வைத்தார்கள். ஆகவே எழுத்தைப் பெரிதாக்கு, நேரத்தைக் கூட்டு என்று வங்கிகளிடம் எழுதிக் கேட்க இதுவே தருணம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதையும் உங்கள் கிளையில் விசாரியுங்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளைஞர்கள் பெரியவர்களோடு உட்காரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம்; கீபோர்டை மட்டும் தொடக்கூடாது. ஓ.டி.பி. வரும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நாலு தடவை தப்பாகப் போனால் ஐந்தாவது தடவை மாமியே கட்டிவிடுவார். தனியாக இருக்கும் நம் பெரியவர்கள் தங்கள் பணத்துக்காக யார் தயவையும் எதிர்பார்க்காமல் இருக்க, இந்த ஒரு மணி நேரம் செலவழிக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.