சோழர் கலமும் தெமாசெக் துறையும்



சிராங்கூன் சாலைப் பக்கம் நடைபெறும் நம்மவர் விழாக்களில், "சோழன் ஆண்ட மண் இது" என்று மேடையில் யாரேனும் முழங்கக் கேட்கிறோம். கேட்க இனிக்கிறது. ஆனால், "அதற்குச் சான்று என்ன?" என்று நம் பிள்ளைகளோ அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களோ கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? இன்று அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலாம் இராசராசன் காலத்தில் சோழருக்கும் கடல் கடந்த ஸ்ரீவிசயப் பேரரசுக்கும் நட்பே நிலவியது. அந்நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு, சைவனான இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக அளித்தான். இதனைக் கூறும் செப்பேடுகள் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகின்றன.

அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1025-ஆம் ஆண்டளவில், நிலைமை மாறியது. சீனத்துக்குச் செல்லும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடக்கவேண்டும். பருவக்காற்று மாறும்வரை அங்குள்ள துறைகளில் காத்திருக்கவேண்டும். அத்துறைகளை ஸ்ரீவிசயம் தன் கையில் வைத்திருந்தது. வணிகப் போட்டியே போருக்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர். சோழர் கடற்படை சென்றது. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற மன்னன் சிறைப்பட்டான். வெற்றி கொண்ட இடங்களாக ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், நக்கவாரம், கடாரம் என 13 இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அடுக்கிச் சொல்கிறது. ஆனால், சிங்கப்பூரின் பழம்பெயரான தெமாசெக் அப்பட்டியலில் இல்லை!

அப்படியானால் சோழர் பெயர் இங்கு எப்படி வந்தது? மலாய் மக்களின் பழம்பெரும் நூலான செஜாரா மெலாயு ஒரு கதை கூறுகிறது. சீனத்தை வெல்லப் புறப்பட்ட சூலன் என்ற அரசன் தெமாசெக் வரை வந்தான். சில ஏடுகள் அவனைச் சூரன் என்னும். சீனர் ஒரு கப்பலில் பல் போன கிழவர்களையும் துருவேறிய ஊசிகளையும் ஏற்றி அனுப்பினர். "புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள், இவை இரும்புக் கம்பிகள்" என்று கிழவர்கள் கூறவே, சீனம் அவ்வளவு தொலைவா என்று அரசன் திரும்பிவிட்டான். சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் சாங் நீல உத்தமன் அவன் வழித்தோன்றலாம். இது கதைதான். ஆயினும், சோழர் பெயரை மலாய் மக்கள் பல நூற்றாண்டு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இது அடையாளம்.

கல்லின் சான்றும் ஒன்று இருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் ஏறத்தாழ 50 வரிகள் பொறித்த பெரும்பாறை நின்றது. 1843-இல் ஆங்கிலேயர் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. இராசேந்திரனின் பட்டமாகிய பரகேசரி என்பதன் சுவடு அதில் தெரிவதாக ஆய்வாளர் ஒருவர் 2019-இல் கருத்துரைத்தார். எல்லாரும் ஏற்கும் முடிவு இன்னும் இல்லை. 1984-இல் கேனிங் கோட்டைக் குன்றில் நடந்த அகழாய்வு 14-ஆம் நூற்றாண்டு வாழ்வையே காட்டியது. அது சோழர் படையெடுப்புக்கு மூன்று நூற்றாண்டு பிற்பட்டது.

ஆகவே, சோழர் சிங்கப்பூரை ஆண்டனர் என்று சொல்ல நமக்குச் சான்று இல்லை. இந்நீரிணையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர் என்று சொல்லத் தடையில்லை. சுமத்திராவின் பாருஸ் துறையில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதை நாட்டியவர்கள் படைவீரர்கள் அல்லர். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். படை வந்து போயிற்று, வணிகர் தங்கினர்.

உழைத்தும் வணிகம் செய்தும் இந்நாட்டில் வேரூன்றிய நமக்கு, அந்த வணிகரின் வரலாறே நெருங்கிய உறவு. பிள்ளைகளுக்கு அதனைச் சொல்வோம். சான்றோடு சொல்லும் பெருமையை எவராலும் மறுக்க இயலாது.