பல் பிடுங்கும் இடத்தில் மயக்க மருந்து: கேட்பது நம் உரிமை

(ஓர்ஸ் ஹில்லில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்து திருகோணமலையில் குடியேறிய குடும்பங்களும், இன்றும் தோட்டத்தில் வேலை செய்யும் உறவுகளும் இங்கே கூடியிருக்கிறோம். சம்பளம் பேசும் மேடையில் பல்லைப் பற்றி ஏன் பேச்சு என்று கேட்பீர்கள். வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். அதற்குப் பயந்து கராம்பை வைத்து நாள் கடத்துகிறோம். முகம் வீங்கிய பிறகு, இருட்டில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுகிறோம். ஊசி போடுபவர் யார், என்ன மருந்து என்று கேட்பதில்லை.

விறைப்பு ஊசி வேறு, மயக்க மருந்து வேறு. விறைப்பு ஊசி போட்டால் அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்; நாம் விழித்திருப்போம். உறக்கத்துக்குக் கொண்டுபோகும் மருந்து மூச்சையே மெதுவாக்கக்கூடியது. பல்லைப் பிடுங்குபவர் வாயைப் பார்ப்பார். அப்போது மூச்சையும் நாடியையும் பார்க்க, பயிற்சி பெற்ற இன்னொருவர் வேண்டும். ஒக்சிசனும் கையெட்டும் தூரத்தில் வேண்டும்.

விறைப்பு ஊசிக்கும் அளவு உண்டு. 1.8 மில்லிலீற்றர் குழாய் ஒன்றில், இரண்டு வீத லிடோகெயின் 36 மில்லிகிராம் இருக்கும். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கவனமான கணக்கை வைத்தால், 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம்தான். இரண்டு குழாய் போட்டாலே அது தாண்டிவிடும். ஆகவே ஊசிக்கு முன் பிள்ளையை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரித்தானியாவில் பல் சிகிச்சை நிலையங்களிலேயே முழு மயக்கம் கொடுத்து வந்தார்கள். பிள்ளைகளும் இறந்தார்கள். 1998இல் அங்குள்ள பல் வைத்திய சபை விதிகளை இறுக்கியது. 2001 முடிவோடு, வைத்தியசாலைக்கு வெளியே பல்லுக்கு முழு மயக்கம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. பணமுள்ள நாடே உயிர்களை இழந்த பிறகுதான் இந்த விதியைப் போட்டது. நாமும் இழந்த பிறகுதான் பேச வேண்டுமா?

நம் நாட்டில் பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். தனியார் பல் சிகிச்சை நிலையம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதியப்பட வேண்டும். அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சுவரில் சான்றிதழ் தொங்குவதால் மட்டும் அங்கே மயக்க மருந்து கொடுக்க வசதி இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஆகவே கேளுங்கள்: உங்கள் பதிவு இலக்கம் என்ன? என்ன மருந்து கொடுக்கிறீர்கள்? என் மூச்சைக் கவனிப்பவர் யார்? ஒக்சிசன் இருக்கிறதா? நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்க மாட்டார். நம் பக்கத்திலும் மறைக்கக் கூடாது. பிறஷர், சீனி, இழுப்பு, இருதய வருத்தம், கர்ப்பம், குடிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். மயக்கம் கொடுப்பதாக இருந்தால், எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டு அப்படியே நடவுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் பல் சிகிச்சை இலவசம். அங்கே போகப் பகல் நேரம் வேண்டும். பல் சிகிச்சைக்குப் போகும் தொழிலாளிக்குப் பேர் வெட்டக் கூடாது; மயக்க மருந்து கொடுக்கும் ஒவ்வொரு நிலையமும் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் சங்கம் கோரிக்கையாக வைக்கிறது. தலைவர்மார் அடுத்த மாதர் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். நம் உயிரைப் பற்றி நாம் கேட்காவிட்டால், நமக்காக வேறு யார் கேட்பார்?