எந்தத் தெருப் பொண்ணு?

துணை செவிலியர் படிப்பு 2 வருஷம். அதில் கடைசி 6 மாதம் நேரடிப் பயிற்சி. விடியக்காலையில விடுதிக் குளியலறைக்கு வரிசை, அப்புறம் வார்டு. படுக்கை விரிப்பு, காய்ச்சல் பார்ப்பது, பி.பி., பெட்பேன். பெட்பேனுக்கு மட்டும் முறை கிடையாது. யார் பேரைக் கூப்பிடுவாங்கன்னு எங்க பிள்ளைகளுக்குத் தெரியும். பீ மூத்திரம் அள்ளாமல் நர்சு வேலை இல்லை, ஒத்துக்கிறோம். எல்லாரும் அள்ளட்டும்.

ஊர்த்தெருவுக்குப் போனால் கர்ப்பிணி கையை நீட்டுமுன் மாமியார் கேட்கிறாள்: "நீ எந்தத் தெருப் பொண்ணு?" தண்ணி கேட்டால் கையில் ஊற்றுகிறாள், சொம்பைத் தருவதில்லை. அதே கிழவி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருமகள் வலியில் கத்தும்போது, "புள்ளையைப் பிடிம்மா தாயீ" என்கிறாள். பனிக்குடம் உடைஞ்ச நேரத்தில் தீட்டு எந்தத் தெருவுக்குப் போனதோ!

பயிற்சிப் பள்ளிகளிடம் நாம் கேட்பது இதுதான்: பெட்பேன் முறையைப் பெயர் வரிசைப்படி எழுதி வார்டுச் சுவரில் ஒட்டுங்கள்.