நாலா சுத்தமாகட்டும், கூலி யார் தலையில்?

(டெல்லியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே குமாஸ்தாவாகப் பணிபுரியும் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வே ஊழியன். எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்க எனக்கு விதி இடம் தரவில்லை. அதைச் செய்ய நான் வரவுமில்லை. படிப்பும் பத்தாவதோடு சரி. ஆனால் பல வருஷமாகப் பார்சல் ஆபீசில் ரசீது எழுதியதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த மூட்டை வந்தாலும் எடை என்ன என்று பார்த்த பிறகு, கூலியை அனுப்புகிறவர் கட்டுகிறாரா, பெறுகிறவர் கட்டவேண்டுமா என்று கேட்பேன். இன்று ஒரு வேட்பாளரின் வாக்குறுதிகளையும் அப்படியே தராசில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

டெல்லி மாநகராட்சிக்கு 2022 டிசம்பரில் 250 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேர்தல். ஆகவே அடுத்த முறை நிற்கப் போகிறவர்களின் நடமாட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நம் தெருவுக்கும் வந்தார். இந்தியில் அச்சடித்த ஒரு காகிதம் கொடுத்தார். அதில் நான்கு வாக்குறுதிகள். நாலாக்களைத் தூர் வாருவேன். குப்பை மலைகளை அகற்றுவேன். குளிர்காலப் புகையைக் குறைப்பேன். ஆக்கிரமிப்புகளை எடுத்துவிட்டுப் பூங்கா அமைப்பேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மூன்றுக்கு நானும் தட்டினேன். நான்காவதைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது? மதராசி கேம்ப்பை நான் மறக்கவில்லை.

ஜங்புராவில், நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பாராபுல்லா நாலாக் கரையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது, நாலாவைத் தூர் வார இடமில்லை என்று வழக்கு வந்தது. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிப்பு நடந்தது. அங்கே இருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முதலில் கணக்கெடுத்தது 189 குடும்பங்களை மட்டுமே. அந்த வீடுகளும் எங்கே? ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில்!

அங்கிருந்து போன ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ஜங்புராவில் மூன்று கோட்டிகளில் பாத்திரம் தேய்த்தவர். காலை ஏழு மணிக்கு முதல் கோட்டியில் நிற்கவேண்டும். நரேலாவிலிருந்து எத்தனை பஸ் மாறி, எத்தனை மணிக்குக் கிளம்புவது? இரண்டு வேலை போயிற்று. பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். நரேலாவில் அந்தப் படிப்பு இல்லை. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது, நல்லது. ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவருக்கு எது ஊர்?

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நாலா சுத்தமாக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது நம் பாய்தான். கொசு முதலில் கடிப்பது நம் குழந்தையைத்தான். ஆனால் அந்த நாலாவில் ஓடுவது கரையோரக் குடிசைகளின் அழுக்கு மட்டுமா? மெஹ்ரௌலிப் பக்கத்திலிருந்து கிளம்பி, தென் டெல்லியின் பெரிய பெரிய காலனிகளின் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் அது யமுனையில் விழுகிறது. அழுக்கில் எல்லோருக்கும் பங்கு. சுத்தம் செய்யும் செலவு மட்டும் கரையில் இருந்தவன் தலையில்.

யமுனைக் கரையையும் பாருங்கள். 2004-இல் யமுனா புஷ்தாவில் ஆயிரக்கணக்கான குடிசைகளை அகற்றினார்கள். ஆற்றங்கரை அழகாக வேண்டும், ஆறு சுத்தமாக வேண்டும் என்றார்கள். அதே யமுனையின் கரையில் 2010 காமன்வெல்த் போட்டிக்கு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஏழை இருந்தால் ஆக்கிரமிப்பு, பணக்காரன் இருந்தால் அபிவிருத்தியா?

அடுத்தது குப்பை. காஜிப்பூர் குப்பை மேடு 1984-இல் தொடங்கியது. 2002-லேயே நிரம்பிவிட்டது. அதன் பிறகும் கொட்டிக்கொண்டே போனார்கள். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அது சரிந்து இரண்டு உயிர்கள் போயின. வேட்பாளர் மலையை அகற்றட்டும், வரவேற்போம். எங்கே கொண்டுபோவார்? நரேலா-பவானா வட்டாரத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை 2017-இல் வந்தது. சுத்தம் என்று சொல்லி நம்மை அனுப்புகிற திசையிலேயே குப்பையையும் அனுப்புகிறார்கள். அந்த மேடுகளில் பொறுக்கிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு என்ன பிழைப்பு என்பதும் காகிதத்தில் இல்லை.

புகைக்கு வருவோம். குளிர்காலத்தில் காற்று மிகவும் கெட்டுவிட்டால் கட்டட வேலையை நிறுத்துகிறார்கள். நிறுத்தத்தான் வேண்டும். சித்தாளின் நுரையீரலும் நுரையீரல்தான். ஆனால் அன்றைய கூலி? கட்டடத் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிழைப்பூதியம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2024-லும் சொன்னது. வாரியத்தில் பதிவு செய்தவருக்குத்தான் அது கிடைக்கும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பதிவுச் சீட்டு வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (மூன்று பேர் கை தூக்கினர்.) மூன்றே பேர்! இது நம்முடைய குறை. இதற்கு வேட்பாளரைத் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் அன்றைக்கே அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “மறுகுடியமர்த்தல் என் கையில் இல்லை, அது டெல்லி அரசின் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் வேலை” என்றார். அது உண்மைதான். ஆனால் கையில் இல்லாத வேலைக்கு “ஆக்கிரமிப்பை எடுப்பேன்” என்று மட்டும் எப்படி வாக்குறுதி கொடுத்தார்? இடிப்பது முடியும், குடியமர்த்துவது முடியாது என்றால் அது என்ன கணக்கு?

ஆகவே ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: டெல்லியின் 2015-ஆம் வருஷக் கொள்கை, இருக்கும் இடத்திலேயே அல்லது ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு என்கிறது. அதைத் தாண்டுவது விதிவிலக்கு. விதிவிலக்கையே விதியாக்குவதை எதிர்த்துச் சபையில் பேசுவீர்களா?

இரண்டு: சாவி கைக்கு வந்து, தண்ணீர், பஸ், பள்ளி எல்லாம் தயாரான பிறகுதான் இடிப்பு என்று எழுதிக் கொடுப்பீர்களா?

மூன்று: நம் தெருவில் தினமும் குப்பை எடுப்பதும் சிறு சாக்கடையைத் தூர் வாருவதும் மாநகராட்சியின் வேலை. கோட்டிகள் இருக்கும் தெருவுக்கு வருகிற வண்டி நம் தெருவுக்கும் வருமா?

நான்கு: வேலை நிறுத்தும் நாளுக்குக் கூலி கிடைக்க, தொழிலாளர் பதிவு முகாமை இந்தத் தெருவிலேயே நடத்துவீர்களா?

நாமும் சும்மா இருக்கலாகாது. மேற்படி கொள்கைப்படி 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடிசை இருந்ததற்குச் சான்று வேண்டும். 2012 முதல் 2015 வரையுள்ள வாக்காளர் பட்டியல் ஒன்றில் பெயர் இருக்கவேண்டும். கணக்கெடுக்கும் வருஷத்துப் பட்டியலிலும் இருக்கவேண்டும். மாடியில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தேதிக்கு முந்தைய தனி ரேஷன் அட்டை கேட்பார்கள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ஞாயிறு சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். குடும்பத்துக்கு ஒரு பைல் போடுவோம். எழுதுகிற வேலை என்னுடையது.

அந்த வேட்பாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த மூட்டை நல்ல மூட்டைதான். கூலியை நகரம் முழுவதும் பங்கிட்டுக் கட்டட்டும், இறக்கிக்கொள்கிறோம். “பெறுகிறவர் கட்டவேண்டும்” என்று எழுதி நம் வாசலில் மட்டும் வைத்துவிட்டுப் போனால், கையெழுத்துப் போடமாட்டோம்.